குழந்தைகளோடு மாலத்தீவு: அறைக்கு முன் கடலைப் பாருங்கள்

மே மாதப் பள்ளி விடுமுறையில் 9 வயது மகள், 4 வயது மகன், சைவ உணவு மட்டுமே உண்ணும் மாமியார் ஆகியோருடன் மாலத்தீவில் ஐந்து இரவுகள் தங்க எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லாவை எடுப்பதா, கரையோர வில்லாவை எடுப்பதா, கடல் சிறுவனுக்குப் பாதுகாப்பானதா, விளம்பரத்தில் சொல்லாத செலவு எவ்வளவு வரும் என்பன உங்கள் கேள்விகள். நான் அங்கே ஒரு ரிசார்ட்டின் முன்பதிவுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பிறகு என் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விருந்தினனாகவும் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். இரு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு: குழந்தைகளோடு போகிறவர்களின் விடுமுறை நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அறைக்கு எதிரே இருக்கும் கடலின் ஆழத்தையும், விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்ச் சேரும் வழியையும் பொறுத்தே இருக்கிறது. ஆனால் முன்பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் படுக்கையறைப் படங்களையும் காலை உணவுத் தட்டின் படங்களையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள்.

மாலத்தீவு ஏறத்தாழ 1,190 தீவுகளைக் கொண்ட நாடு. இவை வளைய வடிவப் பவளத் திட்டுகளாக வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே பெருவழக்கு. இதன் பொருளைப் புறப்படும் முன்பே நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தீவில் வேறு உணவகம் கிடையாது, மருந்துக்கடை கிடையாது, தெருமுனைப் பெட்டிக்கடையும் கிடையாது. இரவு பத்து மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் கண்டால், நீங்கள் கொண்டுபோன மருந்தும் அந்த ரிசார்ட்டின் மருத்துவ அறையும்தான் துணை. ஆகவே ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது ஐந்து நாளுக்கு ஒரு சிற்றூரையே தேர்ந்தெடுப்பதற்குச் சமம்.

முதலில் வில்லா பற்றிச் சொல்கிறேன். 4 வயதுக் குழந்தை இருக்கும்போது நீர்மேல் வில்லா வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மரத்தளத்தின் ஓரத்தில் பெரும்பாலும் கைப்பிடி இருக்காது. இருந்தாலும் கடலில் இறங்கும் படிக்கட்டு திறந்தே கிடக்கும். படியின் கீழே அலை ஏற்றத்தின்போது பெரியவர்களின் இடுப்புக்கு மேல் தண்ணீர் இருப்பது சாதாரணம். நீங்கள் குளியலறையில் இருக்கும் மூன்று நிமிடத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போக ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அந்த வில்லாக்களில் அனுமதிப்பதே இல்லை. வேறு சில, பொறுப்பு முழுவதும் பெற்றோருடையதே என்று எழுதி வாங்கிக்கொள்கின்றன. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் விடுமுறை முழுக்கக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கரையோர வில்லாவில் கதவைத் திறந்தால் மணல். அதற்கப்பால் இருபது முப்பது அடியில் நீர். தனி நீச்சல் குளம் உள்ள வில்லாவாக இருந்தால் அந்தக் குளத்துக்கு வேலி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் குளம் இல்லாத வில்லாவே உங்களுக்கு மேல். அதன் வாடகையும் குறைவு.

மாமியாரும் வருவதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வில்லாக்கள் இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்ற கணக்கில்தான் அமைந்தவை. மூன்றாவது பெரியவர் வந்தால் இரண்டு படுக்கையறை கொண்ட குடும்ப வில்லாவோ, இடையில் கதவால் இணைந்த இரண்டு அறைகளோ தேவைப்படும். இதை முன்பதிவின்போதே எழுத்தில் உறுதி செய்யாமல் போய், அடுத்தடுத்த அறை கிடைக்காமல் பாட்டியைத் தீவின் மறுகோடியில் தங்கவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, நான் பெரிதாகக் கருதும் கடல். ரிசார்ட்டின் பெயரைக் கூகுள் வரைபடத்தில் தேடிச் செயற்கைக்கோள் படமாக மாற்றிப் பாருங்கள். தீவைச் சுற்றி வெளிர்நீலமாகத் தெரிவது ஆழமற்ற மணல்தளம். அதைத்தான் லகூன் என்கிறார்கள். அதன் நடுவே திட்டுத்திட்டாகக் கருத்திருப்பது பவளமோ கடற்புல்லோ ஆகும். வெளிர்நீலம் சட்டென்று கருநீலமாக மாறும் கோடுதான் பவளத்திட்டின் விளிம்பு. அங்கே கடலடி செங்குத்தாக இறங்கிவிடும். இந்தக் கோடு கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த வரைபடத்திலேயே அளந்து பார்க்கலாம். மீன்களைக் காண வருபவர்கள் போற்றும் தீவுகளில் விளிம்பு முப்பது நாற்பது மீட்டரிலேயே வந்துவிடும். கரையிலிருந்து நீந்தினாலே பவளமும் ஆமையும் கண்ணில் படும். சிறுவர்களுக்கு உகந்தவை லகூன் அகன்ற தீவுகள். நூறு மீட்டர் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாத நீர் இவற்றில் உண்டு, ஆனால் மீன் பார்க்கப் படகில் போக வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே தீவில் நன்றாக அமைவது அரிது. உங்கள் மகனின் வயதுக்கு லகூன் அகன்ற தீவைத்தான் எடுக்க வேண்டும். மகளுக்காக ஒருநாள் படகுப் பயணம் வைத்துக்கொள்ளலாம்.

தீவின் எந்தப் பக்கத்தில் வில்லா என்பதும் அதே அளவு முக்கியம். நம் கடற்கரை மக்கள் கச்சான் என்றும் வாடை என்றும் சொல்லும் இரண்டு காற்றுகள்தாம் மாலத்தீவையும் ஆள்கின்றன. மே முதல் ஏறக்குறைய நவம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவதை அவர்கள் ஹுளங்கு என்றும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வருவதை இருவை என்றும் அழைக்கிறார்கள். ஹுளங்குக் காலத்தில் மேற்குக் கரையில் அலையும் இழுப்பும் அதிகமாகி, கடற்பாசியும் மிதக்கும் குப்பையும் ஒதுங்கும். அதே நேரத்தில் கிழக்குக் கரை குளம்போல் கிடக்கும். இருவைக் காலத்தில் இது தலைகீழாகும். சூரிய அஸ்தமனம் தெரியும் மேற்குப் பக்க வில்லாவைக் கூடுதல் பணம் கொடுத்து எடுத்துவிட்டு, ஜூலை மாதத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியாமல் போனவர்கள் எங்கள் வரவேற்பறையில் வந்து நின்று வருந்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மே மாதத்தில் போகிறீர்கள் என்றால் கிழக்குக் கரையில் அறை கேளுங்கள்.

மாதத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மே இறுதியில் மழையும் காற்றும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசி வாரத்திலோ மே முதல் வாரத்திலோ போக முடிந்தால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அரையாண்டு விடுமுறையில் வானம் நன்றாக இருக்கும், ஆனால் வாடகை ஆண்டிலேயே உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்கும் புத்தாண்டு இரவுக்கும் கட்டாய விருந்துக் கட்டணம் என்று தனியாகவும் ஒரு தொகை சேரும். காலாண்டு விடுமுறையில் மழைக்குத் துணிந்து போகிறவர்களுக்கு வேறொரு பரிசு உண்டு. பா என்னும் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், ஹுளங்குக் காலத்தில் மிதவை உயிரிகள் திரளும்போது அவற்றை உண்ண ஆனைத்திருக்கைகள், அதாவது மான்டா ரே எனப்படும் பெரிய திருக்கை மீன்கள், கூட்டமாக வருகின்றன. அந்தப் பகுதி 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். அங்கே ஆழ்முக்குளிப்புக்கு அனுமதி இல்லை. மேற்பரப்பில் மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றது. உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனிப் பயண வழி. மாலே நகரை ஒட்டிய ஹுல்ஹுலே தீவில் உள்ள வேலானா பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்கியபின், ரிசார்ட்டுக்கு விசைப்படகிலோ, கடல் விமானத்திலோ, உள்நாட்டு விமானமும் படகும் சேர்ந்தோ போக வேண்டும். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலை மூன்றரை மணி வாக்கில் தரையிறங்கினால் அன்றைக்கு அதைப் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது. நான் வேலையை விட்டபின் முதன்முறை குடும்பத்தோடு போனபோதே இதில் சிக்கினேன். பயண முகவர் ஒருவர் விமானச் சீட்டு மலிவாக இருக்கிறது என்று மாலை ஐந்து மணிக்குச் சேரும் விமானத்தில் பதிவு செய்துவிட்டார். நானும் மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டேன். பணம் கட்டிய முதல் இரவு தீவில் வீணாகப் போக, நாங்கள் விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு சிறிய விடுதியில், பசியில் அழுத இளையவனுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துத் தூங்கவைத்தோம். உங்கள் விமானம் நண்பகலுக்கு முன் மாலே சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் இதே கணக்கு பொருந்தும்.

கடல் விமானத்தில் ஒருவருக்குப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது பொதுவான வரம்பு. அதற்குமேல் போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். உள்ளே குளிரூட்டி கிடையாது, இரைச்சல் அதிகம். சிறு குழந்தைகள் மிரளக்கூடும். ஆனால் மேலிருந்து பவள வளையங்களைப் பார்ப்பது என் மகள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த காட்சி என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்களுடைய நிலையில், முதியவரும் நான்கு வயதுப் பிள்ளையும் இருக்கும்போது, மாலேயிலிருந்து விசைப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தீவையே நான் சொல்வேன். இரவிலும் போய்ச் சேரலாம், செலவும் குறைவு. ஏதேனும் ஆகிவிட்டால் மாலேயிலுள்ள மருத்துவமனைகளும் எட்டும் தூரத்தில் இருக்கும். இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்டு 1995-இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. படகில் பின்பக்க இருக்கைகளில் உட்காருங்கள். முன்பக்கம் தூக்கிப் போடும், மாமியாரின் இடுப்புக்கு ஆகாது.

செலவைப் பொறுத்தவரை, விளம்பர விலையோடு என்னென்ன சேரும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். வரி சேராத விலை என்று போட்டிருந்தால், அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகைமேல் 17 விழுக்காடு சுற்றுலா வரியும் வரும். அதாவது 100 டாலர் என்று கண்டது உண்மையில் 128 டாலர் 70 சென்ட். இந்தச் சுற்றுலா வரி 2025 ஜூலையில்தான் 16-லிருந்து 17 ஆனது. பழைய பதிவுகளில் பழைய கணக்கே இருக்கும். அதே ஆண்டு ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் இதுவே 300 டாலர். கடல் விமானக் கட்டணம் பெரியவர் ஒருவருக்குப் போய்வர 400 டாலரைத் தாண்டுவது வழக்கம். அது அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உணவைக் காலை மட்டும் என்று எடுக்காதீர்கள். வேறு கடை இல்லாத தீவில் பிள்ளைகள் கேட்கும் ஒவ்வொரு பழச்சாறும் கணக்கில் ஏறும். மூன்று வேளை உணவு அடங்கிய திட்டமாவது வேண்டும். பல இடங்களில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் திட்டத்திலேயே உணவு இலவசம். இந்த வயதைத் தீவுக்குள் நுழையும் நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

மாமியாரின் உணவு பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். ரிசார்ட் சமையலறைகளில் இந்தியரும் இலங்கையரும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். சோறும் பருப்பும் தயிரும் கிடைப்பது கடினமன்று. ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். மாலத்தீவுச் சமையலில் மாசி, அதாவது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய கருவாடு, பெருங்காயம்போல் எதிலும் போய்ச் சேரும். தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு மாசியைத் தெரியும். அங்கிருந்து மாலேவுக்குத் தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் போகும் வணிகம் பழையது. பார்ப்பதற்குத் தேங்காய்ச் சம்பல்போலவே இருக்கும் ஒன்றில் மாசித்தூள் கலந்திருக்கும். ஆகவே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மீனும் மாசியும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி, போன முதல் நாளில் தலைமைச் சமையற்காரரை நேரில் பார்த்தும் சொல்லிவிடுங்கள். மாமியார் பூசைக்கென்று சிறு விக்கிரகம் எடுத்துவரும் வழக்கமுள்ளவரா என்றும் கேளுங்கள். வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவர அந்நாட்டுச் சுங்கச் சட்டம் இடம்தருவதில்லை. சுங்கச் சோதனையில் வயதானவர் முன்னால் அதை எடுத்து வைத்துக்கொள்ளும் நிலை வர வேண்டாம்.

விசாவுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை. வந்திறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். இமுகா என்னும் பயண அறிவிப்பை மட்டும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்து, இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் ஆகாது.

கடல் பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கரை முழுவதற்கும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள். நீரில் இருக்கும்போது மகனுக்கு ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நீங்களும் உங்கள் துணைவரும் மணிக்கணக்கு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இருவருமே பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கும் நேரத்தில்தான் ஒருவருமே பார்க்காமல் போகிறது. அவன் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டை இங்கிருந்தே வாங்கிப் போவது நல்லது. அங்கே இருப்பவை பெரும்பாலும் பெரிய அளவுகள். காற்றடைத்த மிதவை பொம்மைகளைக் கடலில் பயன்படுத்தக் கூடாது, நிலக்காற்று நொடியில் விளிம்புப் பக்கம் தள்ளிவிடும். பவளத்திட்டு பிளந்து கடலோடு சேரும் வாய்க்கால்களில் நீரோட்டம் பெரியவர்களையே இழுக்கும். எந்தப் பக்கம் நீந்தக் கூடாது என்பதை நீர் விளையாட்டு மையத்தில் முதல் நாளே கேட்டு, மகளையும் அருகில் நிறுத்திக் கேட்கச் செய்யுங்கள்.

காலில் மிதியடி இல்லாமல் யாரையும் நீரில் இறக்காதீர்கள். உடைந்த பவளம் கத்திபோல் கீறும். மணலில் திருக்கை பதுங்கியிருக்கும்; கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முதுகு முள் நஞ்சுடையது. கல்மீன் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவரை அழைப்பதுதான் முறை. இவை அரிதாக நடப்பவை. எல்லாருக்கும் நடப்பது வெயில் தாக்குவதுதான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மேகமூட்டத்திலும் தோல் கன்றும். என் மகள் குப்புற மிதந்து ஒருமணி நேரம் மீன் பார்த்தாள். முதுகுக்கு உடுப்பு இருந்தது, முழங்காலின் பின்புறத்தை மறந்துவிட்டோம். அடுத்த இரண்டு நாள் அவளால் காலை மடக்கி உட்கார முடியவில்லை. முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை வாங்குங்கள். திறந்திருக்கும் இடங்களுக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு தடவுங்கள். பவளத்துக்கும் அது மற்றவற்றைவிடத் தீங்கு குறைந்தது என்று கருதப்படுகிறது. காலை பத்து முதல் மூன்று வரை நிழலிலோ குழந்தைகள் கூடத்திலோ கழியட்டும். டெங்குக் கொசு உள்ள நாடு என்பதால் மாலையில் கொசு விரட்டியும் வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் படித்து மனம் பின்வாங்க வேண்டாம். அகன்ற லகூன் உள்ள தீவில் காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கரைக்கு அழைத்துப் போங்கள். அந்நேரம் நீர் வற்றியிருந்தால், கணுக்கால் நனையும் ஆழத்தில், ஒரு முழ நீளச் சுறாக் குட்டிகள் கரையோரமாக வரிசை பிடித்து வரும். முதுகுத் துடுப்பின் நுனி மையில் தொட்டெடுத்ததுபோல் கருத்திருக்கும். அசையாமல் நின்றால் காலைச் சுற்றிக்கொண்டு போகும், விரலை அசைத்தால் மணலைக் கலக்கிவிட்டு மறையும். கையால் தொடவோ தீனி போடவோ கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. என் இளையவன் வாழ்வில் முதன்முதலாகப் பத்து நிமிடம் அசையாமல் நின்றது அங்கேதான். இரவில் கைவிளக்கோடு போனால், காலிச் சங்குகளைச் சுமந்து மணலில் கோடு கிழித்துப் போகும் துறவி நண்டுகளைப் பார்க்கலாம். அவற்றுக்கு அந்தச் சங்குதான் வீடு என்பதைச் சொல்லி, அழகான சங்குகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைக்கும் ஆசையைத் தடுங்கள். பவளத்தை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகத் தடையும் இருக்கிறது.

நேரக்கணக்கில் ஒரு சிறு குழப்பம் உண்டு. மாலே நேரம் இந்திய நேரத்துக்கு அரைமணி பின்தங்கியது. பல ரிசார்ட்டுகள் மாலைவெளிச்சம் நீள வேண்டும் என்று தங்கள் தீவுக் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முன்னதாக வைத்திருக்கும். திரும்பும் நாளில் படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கணக்கிட்டுப் பார்த்தபின் தொகை உங்கள் கைக்கு மிஞ்சுகிறது என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-ஐ ஒட்டி அனுமதி வந்தபிறகு, மாஃபுஷி போன்ற தீவுகளில் ரிசார்ட் வாடகையின் ஒரு பங்கில் தங்க முடிகிறது. 50 அறைக்கு மேற்படாத இல்லங்களில் பசுமை வரியும் 6 டாலர்தான். கடை உண்டு, மருந்தகம் உண்டு, பிள்ளைகளுக்குத் தெருவில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு பந்து விளையாட வாய்ப்பும் உண்டு. நீச்சல் உடையில் குளிக்கத் தனியாக ஒதுக்கிய கரைப்பகுதி இருக்கும். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மூன்று இரவு அங்கே தங்கி, அருகிலுள்ள ரிசார்ட்டுக்கு ஒருநாள் அனுமதிச்சீட்டில் போய்வருவதும் நடக்கக்கூடியதே. அப்படிச் செய்தால் வந்துசேரும் நாளை மட்டும் வெள்ளிக்கிழமையாக வைக்காதீர்கள். அன்று அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை, தனியார் விசைப்படகை முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.